சேலம் ஓடுதளமும் என் மானிட்டரும்: ஒரு ஜன்னல் வரலாறு

கூட வேலை பாக்குற தம்பி ஒருத்தன் போன வாரம் டீக்கடையில வச்சு கேட்டான். "அண்ணா, வீட்ல ஃப்ளைட் சிமுலேட்டர் போடலாம்னு இருக்கேன். எந்த மானிட்டர் வாங்கட்டும்? இருக்கறதுலயே பெருசா பாத்து வாங்கிட்டா போதும்ல?"

"போதாது தம்பி"ன்னு சொன்னேன். ஏன்னு கேட்டான். டீ ஆறிப்போச்சு, பதில் முடியல. மிச்சத்தை இங்க எழுதிடறேன். கொஞ்சம் கொசுவர்த்தி சுத்தல் இருக்கும், பொறுத்துக்கோங்க மக்களே.

மொதல்ல நம்ம ஊரு நிலவரம். சேலம் விமான நிலையம் ஓமலூர் தாண்டி காமலாபுரத்துல இருக்கு. 1993-ல திறந்தாங்க. ஆள் ஏறலைன்னு கொஞ்ச காலத்துலயே சேவை நின்னு போச்சு. அப்புறம் 2009 நவம்பர்ல கிங்ஃபிஷர் ரெட் சென்னைக்கு விட்டாங்க, 2011-ல அதுவும் நின்னுச்சு. திரும்ப 2018 மார்ச் 25-ம் தேதிதான், உடான் திட்டத்துல, ட்ரூஜெட்டோட ஏ.டி.ஆர். விமானம் வந்தது. நடுவுல ஆறு வருஷத்துக்கு மேல, பயணி விமானம் ஒண்ணுகூட இறங்காத ஓடுதளம் அது.

அந்த வருஷங்கள்ல நான் தினமும் ராத்திரி ஒரு தடவை சேலத்துல இறங்கிட்டு இருந்தேன். 15 இஞ்ச் மானிட்டர்ல :-)

இறங்கினேன்னு சொல்றது பெரிய வார்த்தை. முக்கால்வாசி நேரம் ரொம்ப உயரமா வந்து, கடைசியில மூக்கைக் குத்தி, 1806 மீட்டர் ஓடுதளத்துல பாதியை வீணாக்கிட்டு, அந்தப் பக்கம் காட்டுக்குள்ள போய் நிப்பேன். என் கைதான் சரியில்லைன்னு நினைச்சுட்டு இருந்தேன். கை இல்லை, கண்ணாடின்னு தெரிய பல வருஷம் ஆச்சு. அந்தக் கதைக்கு வர்றதுக்கு முன்னாடி, இந்த 'ஜன்னல்'ங்கற விஷயத்துக்காக உலகத்துல என்னென்ன பாடு பட்டிருக்காங்கன்னு பாத்துருவோம்.

*

முதல் சிமுலேட்டருக்கு ஜன்னலே கிடையாது. அமெரிக்காவுல பிங்ஹாம்டன் ஊர்ல எட்வின் லிங்க்னு ஒருத்தர். அப்பாவுக்கு பியானோ, ஆர்கன் செய்யுற தொழிற்சாலை. ஆர்கன்ல காத்து அடிக்கற துருத்தி இருக்குமில்ல, அதையே வச்சு ஒரு மரப்பெட்டி விமானத்தை ஆட வச்சாரு. 1929-வாக்குல பெட்டி தயார். வாங்க ஆளில்ல. பொருட்காட்சி ராட்டினம் மாதிரி கேளிக்கைப் பூங்காக்களுக்குத்தான் வித்தது.

1934-ல நிலைமை மாறுச்சு. அமெரிக்க ராணுவ விமானப்படை கிட்ட தபால் கொண்டு போற வேலையைக் குடுத்தாங்க. குளிர்காலம், பனிமூட்டம், ராத்திரி. கருவிகளை மட்டும் பாத்து ஓட்டப் பழகாத பைலட்கள். சில மாசத்துக்குள்ள பத்துப் பேருக்கு மேல செத்துப் போனாங்க. அதுக்கப்புறம்தான் ராணுவம் லிங்க் பெட்டி ஆறு வாங்குச்சு, ஒண்ணு 3500 டாலர்.

இங்க ஒண்ணு கவனிங்க. அந்தப் பெட்டிக்கு மேல ஒரு மூடி உண்டு. பையனை உள்ள உக்கார வச்சு மூடியைச் சாத்திருவாங்க. வெளிய எதுவும் தெரியக் கூடாது, முள்ளை மட்டும் நம்பணும். அதுதான் பாடமே. ஆக, ஜன்னல் இல்லாதது அதுக்குக் குறை இல்ல. எதைப் பழகணுமோ அதைப் பொறுத்துத்தான் ஜன்னல். மானிட்டர் வாங்கப் போறப்பவும் இந்தக் கேள்விதான் முதல்ல வரணும்: நீ எதைப் பாக்கறதுக்காக வாங்குற?

இறங்கப் பழகணும்னா வெளிய பாத்தே ஆகணும். அதுக்கு 1950கள், 60கள்ல என்ன பண்ணாங்கன்னா, ஒரு பெரிய பலகையில ஊரு, வயல், ஓடுதளம் எல்லாம் பொம்மையா செஞ்சு வச்சு, அதுக்கு மேல ஒரு டி.வி. கேமராவை நகர்த்தினாங்க. பைலட் கட்டையைத் திருப்பினா பக்கத்து ஹால்ல கேமரா திரும்பும். நம்ம வீட்டு கொலு மேல கேமரா ஓட்டற மாதிரிதான் :-) பொம்மை ஊரு முடிஞ்ச இடத்துல உலகமும் முடிஞ்சுரும்.

1970கள்ல கம்ப்யூட்டர் வந்துச்சு. டேவிட் எவன்ஸும் ஐவன் சதர்லேண்டும் 1968-ல சால்ட் லேக் சிட்டியில ஆரம்பிச்ச எவன்ஸ் அண்ட் சதர்லேண்ட் கம்பெனி, 'நோவோவியூ'ன்னு ஒரு காட்சி முறை பண்ணாங்க. ராத்திரி மட்டும்தான் காட்டும். கருப்புத் திரையில ஓடுதள விளக்குகள், ஊர் விளக்குகள், அவ்வளவுதான். பகலை வரைய அன்னைக்கு கம்ப்யூட்டருக்குத் தெம்பு இல்ல. ஆனா வெறும் விளக்குப் புள்ளிகளை வச்சே பைலட்கள் இறங்கப் பழகினாங்க. ராத்திரி இறங்கறப்ப நெஜ பைலட்டுக்கும் பெரும்பாலும் அதுதானே தெரியுது?

அடுத்த பிரச்சினை தூரம். மானிட்டர் கண்ணுக்கு ரெண்டடியில இருக்கு, மலை பத்து கிலோமீட்டர்ல இருக்கு. பக்கத்துல உக்காந்திருக்கற ரெண்டு பைலட்டும் ஒரே திரையைப் பாத்தா, ஒருத்தருக்கு ஓடுதளம் நேரா இருக்கும், இன்னொருத்தருக்குக் கோணலா இருக்கும். 1980களோட தொடக்கத்துல இங்கிலாந்து ரெடிஃபியூஷன் கம்பெனி இதுக்கு ஒரு பெரிய வளைந்த கண்ணாடியைக் கொண்டு வந்தாங்க. படம் அந்தக் கண்ணாடியில பட்டுத் திரும்பறப்ப ஒளிக்கதிர்கள் இணையா வரும். கண்ணு ஏமாந்து படம் வெகு தூரத்துல இருக்குன்னு நம்பிரும். ரெண்டு பைலட்டுக்கும் ஓடுதளம் அதது இடத்துல இருக்கும். இன்னைக்கும் விமானக் கம்பெனிகளோட பெரிய சிமுலேட்டர்கள் இந்த வழியிலதான் போகுது. ஐரோப்பிய விதிப்படி மேல்நிலை சிமுலேட்டருக்கு பக்கவாட்டுல 180 டிகிரியும் மேல்கீழா 40 டிகிரியும் ஒவ்வொரு பைலட்டுக்கும் தெரிஞ்சாகணும்.

பாருங்க, விதியில இஞ்ச் இல்ல, டிகிரிதான் இருக்கு. தம்பி கேட்ட கேள்விக்கு பாதி பதில் இதுலயே இருக்கு.

*

இப்ப வீட்டுக்கு வருவோம். புரூஸ் ஆர்ட்விக் 1975-ல இலினாய் பல்கலைக்கழகத்துல முதுகலை ஆய்வுக்கே விமானக் காட்சியைத் திரையில வரையறதைத்தான் எடுத்துக்கிட்டாரு. அப்புறம் சப்லாஜிக்னு கம்பெனி வச்சு ஆப்பிள் 2-க்கு ஃப்ளைட் சிமுலேட்டர் விட்டாரு. திரை மொத்தமே 280-க்கு 192 புள்ளி. நிலம்னா சில கோடு, மலைன்னா முக்கோணம். 1982 நவம்பர்ல ஐ.பி.எம். பி.சி.க்கு மைக்ரோசாஃப்ட் பேர்ல வந்தது. 1993-ல வந்த 5.0-லதான் தரைக்கு நெஜப் படம் மாதிரி டெக்ஸ்சர் பூசினாங்க. 2003-ல 'எ செஞ்சுரி ஆஃப் ஃப்ளைட்', 2006-ல எஃப்.எஸ்.எக்ஸ். 2009 ஜனவரியில அந்தக் குழுவையே கலைச்சுட்டாங்க. 2020 ஆகஸ்ட்ல உயிர்த்தெழுந்து வந்தப்ப, செயற்கைக்கோள் படத்தை இணையம் வழியா இழுத்து ஊரையே வரையுது. மேட்டூர் அணைத் தண்ணி, காவிரி வளைவு, கஞ்சமலை எல்லாம் அதது இடத்துல.

இதுக்கிடையில ஒரு துயரக் கதை. பல வருஷம் மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரைத் திறந்தா முதல்ல வர்ற ஓடுதளம் சிகாகோ ஏரிக்கரையில இருந்த மெய்க்ஸ் ஃபீல்ட். 2003 மார்ச் 30 ராத்திரி, மேயர் ரிச்சர்ட் டேலி உத்தரவுல, புல்டோசர் விட்டு ஓடுதளத்துல எக்ஸ் எக்ஸா தோண்டிட்டாங்க. நெஜத்துல இல்லாத ஓடுதளத்துல உலகம் பூரா ஆளுங்க திரையில இறங்கிட்டு இருந்தாங்க. அதைப் படிச்சப்ப பெரிசா ஒண்ணும் தோணல. 2011-ல நம்ம காமலாபுரம் ஓடுதளம் காலியானப்பதான் உறைச்சுது. ஓடுதளம் இருக்கு, விமானம் இல்ல. திரையில மட்டும் நான் ஒருத்தன்.

அந்தக் காலத்துல மானிட்டர் தேர்வுங்கறதே வேற மாதிரி. 2012-வாக்குல சென்னைக்கு வெளிய இருந்தவங்களுக்கு ஞாபகம் இருக்கும், ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல கரண்ட் இருக்காது. என் 15 இஞ்ச் குண்டு மானிட்டர் எழுபது எண்பது வாட் தின்னும். யூ.பி.எஸ். பத்து நிமிஷத்துல பீப் பீப்னு கத்தும். ஓமலூர் மேல திரும்பறப்ப கரெக்டா அணைஞ்சுரும். நான் எல்.சி.டி.க்கு மாறினது படம் நல்லா இருக்கும்னு இல்ல. இருபது சொச்சம் வாட்தான் இழுக்கும், தரை தொடறவரை யூ.பி.எஸ். தாங்கும், அதுக்காக. எந்த விமர்சனத்துலயும் இந்தக் காரணத்தை எழுத மாட்டாங்க :-)

*

சரி, கை தப்பா கண்ணாடி தப்பான்னு சொன்னேன்ல. 2018-ல ட்ரூஜெட் வந்ததும் சென்னையில இருந்து ஒரு டிக்கெட் போட்டேன். இடது பக்க ஜன்னல் சீட்டு. வடகிழக்குல இருந்து ஓடுதளத்துக்கு இறங்கறப்ப சேர்வராயன் மலை இடது பக்கம் வந்துச்சு.

என்னத்தைச் சொல்ல. ஜன்னல் முழுக்க மலை. அத்தனை வருஷமா என் திரையில அது ஓரத்துல கிடக்கற ஒரு கரடு. ஏற்காட்டுக்கு பஸ்ல எத்தனையோ தடவை ஏறினவன்தான் நான், ஆனா வானத்துல இருந்து பாக்கறப்ப எவ்வளவு பெருசுன்னு தெரியவே இல்ல. சிமுலேட்டர்ல மலையோட உயரம் சரி, தூரம் சரி. அப்ப எது தப்பு?

வீட்டுக்கு வந்து டேப்பு எடுத்து அளந்தேன். 15 இஞ்ச் குண்டு மானிட்டர்ல படம் தெரியற அகலம் சுமார் 28 செ.மீ. நான் உக்காந்தது 60 செ.மீ. தள்ளி. அந்தத் தூரத்துல அந்தத் திரை என் கண்ணுல பிடிக்கற இடம் 26 டிகிரிதான். ஆனா சிமுலேட்டர் அதுக்குள்ள 60 டிகிரி உலகத்தை அடைச்சுக் காட்டிட்டு இருந்துச்சு. கணக்குப்படி, உருவம் சரியாத் தெரியணும்னா மூஞ்சியை 24 செ.மீ. பக்கத்துல கொண்டு போயிருக்கணும். நான் இருந்த தூரத்துல எல்லாமே நெஜ அளவுல நாப்பது சதவீதம்தான். ஓடுதளம் சின்னதாத் தெரியும், இன்னும் தூரம் இருக்குன்னு மனசு சொல்லும், இறங்கறதைத் தள்ளிப் போடுவேன், கடைசியில உயரமா வந்து குத்துவேன். ஆறு வருஷ காட்டுப் பயணத்துக்கு இதான் காரணம்.

இன்னொரு கணக்கும் போட்டேன். ஓடுதளத்தோட அகலம் 30 மீட்டர். ஒன்பது கிலோமீட்டர்ல இருந்து பாத்தா 0.19 டிகிரி. 640 புள்ளியில 60 டிகிரியை அடைச்சா அந்த ஓடுதளம் வெறும் 2 புள்ளி அகலம். ரெண்டு புள்ளியை வச்சு நேரா இருக்கேனா கோணலா இருக்கேனான்னு எவன் சொல்ல முடியும்? அதே ஓடுதளம் 27 இஞ்ச் 1440பி திரையில, சரியான கோணம் வச்சா, சுமார் 10 புள்ளி. கூர்மையான மனுஷக் கண்ணுக்கு ஒரு டிகிரிக்கு 60 புள்ளி வேணும்பாங்க. அந்தத் திரை 51 வரைக்கும் வந்துருது. மோசமில்ல.

*

தம்பிக்கு நான் போட்டுக் குடுத்த கணக்கு இதுதான். கண்ணுக்கும் திரைக்கும் 65 செ.மீ. தூரம்னு வச்சுக்கிட்டா:

24 இஞ்ச் சாதா அகலத் திரை: 44 டிகிரி.
27 இஞ்ச்: கிட்டத்தட்ட 50.
34 இஞ்ச் அல்ட்ராவைடு: 63, வளைவா இருந்தா கொஞ்சம் கூட.
49 இஞ்ச் வளைவுத் திரை, 1000ஆர்: சுமார் 100. (1000ஆர்னா ஒரு மீட்டர் ஆரம் உள்ள வட்டத்துல வெட்டின துண்டு.)
27 இஞ்ச் மூணு, பக்கத்துது ரெண்டையும் நம்ம பக்கமா மடக்கி வச்சா: சுமார் 150.

சுலபமா ஞாபகம் வச்சுக்க, திரையோட அகலம் எவ்வளவோ அதே தூரத்துல உக்காந்தா 53 டிகிரி. அவ்வளவுதான் சூத்திரம். அதே 27 இஞ்சைச் சுவத்துல மாட்டி ஆறடி தள்ளி உக்காந்தா இருபது டிகிரிகூட வராது. அதனால மொதல்ல மேஜையோட ஆழத்தை அளங்க, அப்புறம் கடைக்குப் போங்க.

அப்ப மூணு மானிட்டர்தான் முடிவான்னு தம்பி கேட்டான். ஆசை பழசுதான். 2006-ல மேட்ராக்ஸ் ஒரு டப்பா விட்டாங்க, ஒரு கார்டுல இருந்து மூணு திரைக்குப் படம் பிரிச்சுக் குடுக்கும். 2009-ல ஏ.டி.ஐ. கார்டுகளே ஐஃபினிட்டின்னு நேரா பல திரையை ஓட்ட ஆரம்பிச்சுது. ஆனா கார்டுக்கு வேலை எகிறும். ஒரு 1080பி திரைன்னா 20.7 லட்சம் புள்ளி. மூணு சேர்ந்தா 62 லட்சம். 1440பி ஒண்ணு 36.9 லட்சம், 4கே ஒண்ணு 83 லட்சம். ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் இத்தனையும் வரையணும். கார்டு பழசா இருந்தா பெரிய திரையில ஸ்லைடு ஷோதான் ஓடும். அதோட ஒரே தட்டையான படத்தை மூணு திரைக்கும் நீட்டினா ஓரத்துல மலை இழுத்த ஜவ்வுமிட்டாய் மாதிரி இருக்கும். எக்ஸ்-பிளேன்ல ஒவ்வொரு திரைக்கும் கோணம் தனியா குடுக்கலாம், அது பெரிய வசதி.

இதுக்கு மேல ஒரு முக்கியமான விஷயம். நாமக்கல் பக்கம் லாரி ரிவர்ஸ் எடுக்கறதைப் பாத்திருப்பீங்க. டிரைவர் முன் கண்ணாடியை மட்டும் நம்ப மாட்டாரு. பின்னாடி கிளீனர் நின்னு "வரலாம் வரலாம்... லெஃப்ட்ல ஒடிங்கண்ணே"ன்னு கத்தணும். ஒத்தை மானிட்டர் சிமுலேட்டர் கிளீனர் இல்லாத லாரி. சேலத்துல தென்மேற்கு நோக்கி இறங்கணும்னா, இடப்பக்கச் சுத்துல ஓடுதளத்துக்கு இணையா எதிர்த்திசையில பறந்து போகணும். ஓடுதளம் அப்ப நேர் இடது பக்கம், 90 டிகிரியில. அதோட முனை உன் தோளுக்குப் பின்னாடி, 135 டிகிரிக்குப் போறப்பதான் திரும்பணும். 49 இஞ்ச் திரை பக்கத்துக்கு 50 டிகிரிதான் காட்டும். மூணு திரை 75. ரெண்டுலயும் அந்த முனை தெரியாது! எவ்வளவு காசு கொட்டினாலும் சரி.

அப்ப என்ன வழி? தலையைத் திருப்பணும். தலை அசைவைப் பிடிக்கற ட்ராக்ஐஆர் கருவி இருக்கு. காசு வேண்டாம்னா ஓப்பன்ட்ராக்னு இலவச மென்பொருள், சாதா வெப்கேமே போதும். தலையைக் கொஞ்சம் இடது பக்கம் சாய்ச்சா காட்சி முழுசாத் திரும்பிரும், கண்ணு மட்டும் திரையை விட்டுப் போகாது. ரெண்டு நாள் தலை சுத்தும், அப்புறம் பழகிரும்.

மிச்சமெல்லாம் சில்லறை. சிமுலேட்டர் 30-50 ஃப்ரேம்லதான் ஓடும், 240 ஹெர்ட்ஸுக்குக் காசு குடுக்காதீங்க. அதைவிட ஃப்ரேம் வேகத்துக்கு ஏத்த மாதிரி திரை தன்னை மாத்திக்கற ஃப்ரீசிங்க், ஜிசிங்க் வசதி உபயோகம், ஆனா எத்தனை ஹெர்ட்ஸ் வரைக்கும் கீழ இறங்குதுன்னு பாத்து வாங்கணும். ராத்திரி இறங்கறதுன்னா வி.ஏ. திரையில கருப்பு நல்ல கருப்பா இருக்கும். சாய்ஞ்சு பாக்கறப்ப நிறம் மாறக்கூடாதுன்னா ஐ.பி.எஸ். ஓலெட் ரெண்டையும் தூக்கிச் சாப்பிடும், ஆனா மணிக்கணக்கா நகராம நிக்கற மீட்டர் படங்கள் திரையில தழும்பா தங்கிரும் அபாயம் உண்டு. சிமுலேட்டர்னாலே நகராத மீட்டர்தானே.

தம்பி 49 இஞ்ச் கனவோட வந்தவன். மேஜையை அளந்து போட்டோ அனுப்பினான், ஆழம் 60 செ.மீ. அவனோட கார்டையும் பாத்துட்டு, 27 இஞ்ச் 1440பி ஐ.பி.எஸ். ஒண்ணும் ஒரு வெப்கேமும் போதும்னு சொன்னேன். மிச்சக் காசுல ஒரு நல்ல யூ.பி.எஸ். இன்னும் ஒண்ணும் சொன்னேன்: 2023 அக்டோபர்ல இருந்து அலையன்ஸ் ஏரும் இண்டிகோவும் சேலத்துக்கு வர ஆரம்பிச்சாங்க. ஒரு தடவையாவது ஜன்னல் சீட்டுல உக்காந்து சேர்வராயன் மலையைப் பாரு, அப்புறம் வீட்டுக்கு வந்து திரையில அதே அளவு மலை தெரியற வரைக்கும் கோணத்தை மாத்து.

நேத்து ராத்திரி போன் பண்ணினான். "அண்ணா, மூணாவது தடவையில இறங்கிட்டேன். காட்டுக்குள்ள போகல"ன்னான். எனக்கு ஆறு வருஷம் ஆச்சுன்னு அவன்கிட்ட சொல்லல. நீங்களும் சொல்லிறாதீங்க.

டிஸ்கி: டிகிரிக் கணக்கெல்லாம் டேப்பும் கால்குலேட்டரும் வச்சுப் போட்டது. ஒண்ணு ரெண்டு முன்னப் பின்ன இருக்கலாம். உங்க மேஜையை நீங்களே அளந்துக்கோங்க :-)